"எனக்கு ஒண்ணுமில்லை, ஊர்தான் ஒத்துக்காது": வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல மூட்டுவாதத்துக்கு குடுக்கற ஸ்டீராய்டு மருந்து பத்தி ஒருத்தர் கேட்டிருந்தாரு, அதுக்கு பதில் சொல்றப்ப பெர்சி ஜூலியன்னு ஒரு கறுப்பின கெமிஸ்ட் பேரை ஒரே வரியில சொல்லிட்டு கடந்து போயிட்டேன். யார் இவரு, ஏன் நாங்க கேள்விப்பட்டதே இல்லைன்னு கடிதங்கள் வந்துட்டே இருக்கு. அதனால இந்த தடவை பக்கம் முழுக்க அவருக்கும், கடைசியில அவர மாதிரி வேற சில பேருக்கும்தான், கேள்விகளை மட்டும் கொஞ்சம் சுருக்கியிருக்கேன்.

முதல்ல இருந்து சொல்லுங்க. எங்க பொறந்தாரு, எப்படி படிச்சாரு?
*— ஒரு வாசகி*

அமெரிக்காவுல அலபாமா மாகாணம், மான்ட்கோமரி ஊரு, 1899 ஏப்ரல் 11-ம் தேதி பொறந்தாரு. தாத்தா அடிமையா வாழ்ந்தவர். அப்பா ரயில்வே தபால்ல கிளார்க், அம்மா டீச்சர், வீட்டுல ஆறு பிள்ளைங்க. அந்த ஊர்ல அப்ப கறுப்பின பிள்ளைங்களுக்கு அரசுப் பள்ளி எட்டாம் வகுப்போட முடிஞ்சிடும், அதுக்கு மேல ஹைஸ்கூலே கிடையாது. ஆசிரியர் பயிற்சி குடுக்கற ஒரு பள்ளியில போய் கிடைச்சதை படிச்சிட்டு, 1916-ல இண்டியானா மாகாணத்துல கிரீன்காசில்ங்கற சின்ன ஊர்ல இருக்கற டிபாவ் பல்கலைக்கழகத்துக்கு கிளம்பினாரு.

அந்த ரயில் கிளம்பின காட்சியை பின்னாடி அவரே மேடையில சொல்லியிருக்காரு. குடும்பமே ஸ்டேஷனுக்கு வந்து நிக்குது, தாத்தா கையை தூக்கி அசைக்கறாரு, அந்த கையில ரெண்டு விரல் இல்லை. அடிமையா இருந்த காலத்துல எழுதப் படிக்க கத்துக்கிட்டாருன்னு வெட்டின விரல்கள். பேரன் அந்தக் கையைப் பாத்துக்கிட்டே காலேஜுக்கு போறான். நான் இதை படிச்சப்ப ரொம்ப நேரம் அடுத்த பக்கத்துக்கு போக முடியலைங்க.

டிபாவ்ல போய் இறங்கினதும் ஒரு வெள்ளைக்கார பையன் வாங்கன்னு கை நீட்டியிருக்கான், இவருக்கு அதுவரைக்கும் ஒரு வெள்ளைக்கார பையனோட கை குலுக்கின பழக்கமே இல்லாததால குலுக்கலாமா கூடாதான்னு தெரியாம நின்னுருக்காரு. கை குடுத்தாங்க, சரி, ஆனா ஹாஸ்டல்ல இடம் குடுக்கலை. வெளியில ஒரு ரூம் புடிச்சு, சாப்பாடு போடற இடம் தேடி கண்டுபிடிக்கவே சில நாள் ஆச்சு. அப்புறம் மாணவர் சங்க வீடு ஒண்ணுல அடுப்பு எரிய வைக்கறது, எடுபிடி வேலை பாக்கறது, அதுக்கு பதிலா மொட்டை மாடிக்கு கீழ இருக்கற பரண் அறையில தூங்கிக்கலாம், சாப்பிட்டுக்கலாம். ஹைஸ்கூல்ல விட்டுப்போன பாடம் எல்லாம் இருந்ததால, பகல்ல காலேஜ் கிளாஸ், சாயங்காலம் ஸ்கூல் பாடம்னு ரெண்டையும் சேத்து படிச்சாரு. 1920-ல பட்டம் வாங்கறப்ப வகுப்புலயே முதல் மாணவன். தம்பி தங்கச்சிங்க அஞ்சு பேரும் பின்னாடியே காலேஜ் படிச்சாங்க, அதுக்காக குடும்பமே மான்ட்கோமரியை விட்டு கிரீன்காசிலுக்கு குடி வந்துடுச்சு.

முதல் ரேங்க் வாங்கினவரை ஆராய்ச்சி படிப்புக்கு கூப்பிட்டுருப்பாங்களே?
*— கல்லூரி மாணவர் ஒருத்தர்*

கூப்பிடலை தம்பி. கூடப் படிச்ச பசங்களுக்கெல்லாம் எந்த யுனிவர்சிட்டியில இடம்னு தகவல் வந்துட்டே இருக்கு, இவருக்கு மட்டும் எதுவும் வரலை. போய் புரொபசரை கேட்டா அவர் வந்த கடிதங்களை எடுத்து காட்டறாரு. உங்க புத்திசாலி கறுப்பு பையனை ஊக்கப்படுத்தாதீங்க, படிச்சு முடிச்சாலும் எங்களால வேலை வாங்கித் தர முடியாது, அவனுக்கு ஏமாற்றம்தான் மிஞ்சும், தெற்குல கறுப்பினத்தவங்க காலேஜ் ஒண்ணுல வாத்தியார் வேலை பாத்துக் குடுத்துடுங்க, அதுக்கு டாக்டர் பட்டமெல்லாம் தேவையில்லை, இந்த தினுசுல எழுதியிருக்காங்க.

அந்தக் கடிதத்துல ஒரு வசவு கிடையாது பாருங்க. அக்கறையா பேசற மாதிரிதான் இருக்கு. ஜூலியன் வாழ்க்கையை நான் படிக்க படிக்க திரும்பத் திரும்ப கண்ணுல பட்டது இதுதான். மூஞ்சிக்கு நேரா "உனக்கு அறிவு கிடையாது"ன்னு சொன்னவங்க ரொம்ப கம்மி. எனக்கு ஒண்ணுமில்லைப்பா, ஆனா ஊர் ஒத்துக்காது, பசங்க ஒத்துக்க மாட்டாங்க, போர்டு ஒத்துக்காதுன்னு பழியை பக்கத்து ஆள் மேல தள்ளிட்டு கதவை சாத்தினவங்கதான் அதிகம். யார் சாத்தினதுன்னே தெரியாது, ஆனா கதவு சாத்தியிருக்கும்.

ரெண்டு வருஷம் நாஷ்வில்ல ஃபிஸ்க் பல்கலைக்கழகத்துல பாடம் எடுத்துட்டு ஒரு ஸ்காலர்ஷிப்ல ஹார்வர்டு போனாரு. 1923-ல மாஸ்டர்ஸ் முடிச்சாரு, நல்ல மார்க். மேல டாக்டர் பட்டத்துக்கு படிக்கணும்னா பசங்களுக்கு பாடம் எடுக்கற உதவியாளர் வேலை வேணும், காசு அதுலதான் வரும். அது கிடைக்கலை, வெள்ளைக்கார மாணவர்கள் ஒரு கறுப்பு ஆள்கிட்ட பாடம் கேக்க மாட்டாங்கன்னு காரணம். எந்த மாணவனும் வந்து கேக்க மாட்டேன்னு சொல்றதுக்கு முன்னாடியே எடுத்த முடிவு அது.

அப்ப டாக்டர் பட்டம் எங்கதான் வாங்கினாரு?

வியன்னாவுல. 1929-ல ராக்ஃபெல்லர் அறக்கட்டளை உதவிப்பணம் கிடைச்சு ஆஸ்திரியா போனாரு, செடிகள்ல இருக்கற ஆல்கலாய்டுங்கற வீரியமான பொருட்கள்ல பெரிய நிபுணரான எர்ன்ஸ்ட் ஷ்பேத்கிட்ட வேலை செஞ்சு 1931-ல பட்டம் வாங்கினாரு. அங்க ஜெர்மன் சரளமா பேசக் கத்துக்கிட்டாரு, ஓபரா பாத்தாரு, கூட வேலை செய்யறவங்க வீட்டுக்கு கூப்பிட்டா போனாரு, எந்த ஓட்டல்ல உக்காரலாம் எதுல கூடாதுன்னு யோசிக்காம முப்பது வயசுல முதல் தடவையா வாழ்ந்தாரு.

திரும்பி வந்து வாஷிங்டன்ல ஹோவர்டு பல்கலைக்கழகத்துல வேலை பாத்தவருக்கு அங்க ஒரு சறுக்கல். நிர்வாகத்தோட சண்டை, அவர் வியன்னாவுல இருந்து எழுதின சொந்தக் கடிதங்கள் பத்திரிகையில வெளியாகி பெரிய வம்பாகி 1932-ல வேலையை விட்டாரு. இதை சொல்லாம விட்டா முழுக்கதை ஆகாது, அவர் கோபக்காரர், பேச்சுல விட்டுக்குடுக்காதவர், அதையும் சேத்துத்தான் அந்த மனுஷன். அப்ப கை குடுத்தது பழைய டிபாவ் புரொபசர் பிளான்சார்ட். வாப்பா, லேப் இருக்கு, சம்பளம் கம்மி, ஆனா ஆராய்ச்சி பண்ணுன்னு கூப்பிட்டாரு.

நான் கெமிஸ்ட்ரி படிக்கறேன். அவரோட பைசோஸ்டிக்மின் தயாரிப்பை மைல்கல்னு சொல்றாங்க. அதுல அப்படி என்ன இருக்கு?
*— எம்.எஸ்சி. மாணவி*

நல்ல கேள்விம்மா, இதை கொஞ்சம் நீட்டித்தான் சொல்லப்போறேன்.

மேற்கு ஆப்பிரிக்காவுல கலபார்னு ஒரு ஊர், இப்ப நைஜீரியாவுல இருக்கு. அந்தப் பக்கம் விளையற ஒரு கொடியோட விதை கலபார் பீன்ஸ், கடும் விஷம். குற்றம் சாட்டப்பட்டவன் உண்மை சொல்றானா பொய் சொல்றானான்னு சோதிக்க இதை அரைச்சு குடிக்க வைக்கற வழக்கம் ஒரு காலத்துல அங்க இருந்துச்சு. அதுல இருக்கற சரக்குதான் பைசோஸ்டிக்மின். சின்ன அளவுல கண்ணுல விட்டா கண் அழுத்தம் குறையும், கண் அழுத்த நோயான க்ளகோமாவுக்கு மருந்து. அந்த மூலக்கூறை லேப்ல அடியில இருந்து கட்டி எழுப்பணும்னு பல பேர் முயற்சி பண்ணிட்டு இருந்தாங்க. அதுல முன்னால நின்னவர் ஆக்ஸ்ஃபோர்டு ராபர்ட் ராபின்சன், பின்னாடி 1947-ல நோபல் வாங்கினவர், அந்தக் காலத்து ஆர்கானிக் கெமிஸ்ட்ரியில அவர் சொன்னா அதுதான் தீர்ப்பு.

ராபின்சன் குழு, பைசோஸ்டிக்மினுக்கு கொஞ்சம் முன்னாடி வர்ற எசரிதோல்ங்கற பொருளை செஞ்சுட்டோம்னு கட்டுரை போட்டுட்டாங்க. ஜூலியனும், வியன்னாவுல இருந்து அவரோட வந்த ஜோசப் பிக்லும், டிபாவ்ல டிகிரி படிக்கற பசங்களை வெச்சுக்கிட்டு அதே பொருளை வேற வழியில செஞ்சு பாத்தா, குணம் ஒத்துப்போகலை. ரெண்டுல ஒண்ணு தப்பு. ஆக்ஸ்ஃபோர்டு தப்பா, இல்ல இண்டியானா சின்ன காலேஜ்ல, பேராசிரியர் பதவி கூட இல்லாத ஒரு கறுப்பின ஆள் தப்பா? உலகம் யாரை நம்பும்னு உனக்கே தெரியும்.

இப்ப லேப்ல என்ன பண்ணணும்னு யோசிச்சுப் பாரு. செஞ்ச பொருளோட படிகத்தை பொடியாக்கி, ஊசி மாதிரி இருக்கற கண்ணாடிக் குழாய்ல ஒரு சிட்டிகையை தட்டித் தட்டி அடியில இறக்கி, தெர்மாமீட்டரோட சேத்துக் கட்டி, எண்ணெய்ல முக்கி மெதுவா சூடு ஏத்தணும். கண்ணை எடுக்காம பாக்கணும். சுத்தமான பொருளா இருந்தா ஒரு குறிப்பிட்ட டிகிரியில பொடி சட்டுன்னு கண்ணாடி மாதிரி உருகும், கலப்படமோ வேற பொருளோ இருந்தா முன்னாடியே வேர்த்து வழிய ஆரம்பிச்சிடும். பீன்ஸ்ல இருந்து எடுத்த இயற்கை சரக்கு எந்த டிகிரியில உருகுதோ அதே டிகிரியில நம்ம சரக்கும் உருகினா கதை முடிஞ்சது. மூலக்கூறோட அமைப்பைக் காட்டற NMR மாதிரி இயந்திரமெல்லாம் இல்லாத காலம், ஒரு கண்ணாடிக் குழாயும் ஒரு தெர்மாமீட்டரும்தான் நீதிபதி.

அந்த முடிவு முழுசா கைக்கு வர்றதுக்கு முன்னாடியே ஜூலியன், ராபின்சன் செஞ்சது எசரிதோலே இல்லைன்னு அமெரிக்கன் கெமிக்கல் சொசைட்டி ஜர்னல்ல எழுதிட்டாரு. அது தப்பாப் போயிருந்தா அவர் கதை அதோட முடிஞ்சிருக்கும், ரெண்டாவது சான்ஸ் குடுக்க ஒருத்தரும் காத்துக்கிட்டு இல்லை. உருகுநிலை ஒத்துப்போச்சு. ஜூலியன் சரி, ராபின்சன் தப்பு. 1935-ல பைசோஸ்டிக்மின் முழுத் தயாரிப்பு வெளியாச்சு. 1999-ல அமெரிக்கன் கெமிக்கல் சொசைட்டி அந்த வேலையை தேசிய வேதியியல் நினைவுச்சின்னமா அறிவிச்சாங்க.

திறமை இருந்தா யாரும் தடுக்க முடியாதுன்னு சொல்லுவாங்க. ராபின்சனையே ஜெயிச்ச பிறகு வேலை வாசலுக்கு வந்திருக்குமே?
*— ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருத்தர்*

ஐயா, அப்படித்தான் நடந்திருக்கணும். நடந்தது வேற.

டிபாவ்லயே பேராசிரியர் பதவிக்கு புரொபசர் பரிந்துரை பண்ணினாரு, அறங்காவலர்கள் முடியாதுன்னுட்டாங்க, காரணம் நிறம். டூபான்ட் கம்பெனி கூட வேலை செஞ்ச பிக்லுக்கு வேலை குடுத்துச்சு, ஜூலியன்கிட்ட நீங்க கறுப்பினத்தவர்னு எங்களுக்கு தெரியாம போச்சுன்னு வருத்தம் தெரிவிச்சுது. ஒரே ஆராய்ச்சி, ஒரே கட்டுரை, ஒரே லேப் மேசை, மேசைக்கு இந்தப் பக்கம் நின்னவருக்கு வேலை, அந்தப் பக்கம் நின்னவருக்கு ஸாரி. அப்புறம் விஸ்கான்சின் மாகாணம் ஆப்பிள்டன்ல காகித வேதியியல் ஆராய்ச்சி நிலையம், அவங்களுக்கு இவரை எடுக்க ஆசைதான், ஆனா அந்த ஊர்ல ராத்திரி கறுப்பினத்தவங்க யாரும் தங்கக்கூடாதுன்னு விதி. பகல்ல ஆராய்ச்சி பண்ணிட்டு பொழுது சாய்ஞ்சா அவர் எங்க போவாரு? அந்த வாய்ப்பும் போச்சு.

கடைசியா 1936-ல கூப்பிட்டது ஒரு பெயின்ட் கம்பெனி. க்ளிடன்னு பேரு, சிகாகோவுல அவங்களுக்கு சோயா பொருட்கள் பிரிவு ஒண்ணு இருந்துச்சு, அதோட துணைத் தலைவர் போன் பண்ணி ஆராய்ச்சி இயக்குநரா வர்றீங்களான்னு கேட்டாரு. ஒரு பெரிய அமெரிக்க கம்பெனியோட லேப்புக்கு கறுப்பின விஞ்ஞானி தலைமைன்னா அது அன்னிக்கு கேள்விப்படாத விஷயம். அதனால திறமை தானா ஜெயிச்சுதுன்னு என்னால ஒத்துக்க முடியலைங்க ஐயா. திறமை பதினாறு வருஷமா அங்கயேதான் இருந்துச்சு, ஒருத்தர் போன் எடுக்கற வரைக்கும் அதுக்கு இடம் கிடைக்கலை. அந்த போன் வராத எத்தனை பேர் தெற்குல சின்னச் சின்ன காலேஜ்ல லேப் வசதியே இல்லாம பாடம் மட்டும் எடுத்து ரிட்டயர் ஆனாங்கன்னு நினைக்கறப்பதான் எனக்கு மனசு கனத்துப் போகுது. அமெரிக்காவுல கெமிஸ்ட்ரியில டாக்டர் பட்டம் வாங்கின முதல் கறுப்பினத்தவர் செயின்ட் எல்மோ பிரேடி, 1916-ல வாங்கினாரு, அவர் வாழ்நாள் பூராவும் அந்த மாதிரி காலேஜ்கள்ல டிபார்ட்மென்ட் கட்டி எழுப்பறதுலயே போச்சு. அது பெரிய தொண்டு, சந்தேகமே இல்லை, ஆனா வேற எதுவும் அவருக்கு திறந்திருக்கலையே.

சோயா பீன்ஸுக்கும் ஹார்மோனுக்கும் என்ன சம்பந்தம்? இது எனக்கு புரியவே இல்லை.
*— ஒரு இல்லத்தரசி*

ரொம்ப அழகான சம்பந்தம் இருக்குங்க. உடம்புல சுரக்கற ப்ரொஜெஸ்டிரோன், கார்டிசோன் எல்லாத்துக்கும் உள்ள ஒரே எலும்புக்கூடு, நாலு வளையம் ஒட்டின மாதிரி. அதே நாலு வளையம் செடி கொடி எண்ணெய்ல இருக்கற ஸ்டெரால்ங்கற மெழுகு மாதிரி பொருள்லயும் இருக்கு. ப்ரொஜெஸ்டிரோன் கர்ப்பம் கலையாம காக்கற ஹார்மோன், அதை முதல்ல மிருகங்கள்கிட்ட இருந்துதான் எடுத்தாங்க. 1934-ல ஜெர்மனியில சுமார் 50,000 பன்றிகளோட சினைப்பையில இருந்து எடுத்தது வெறும் 20 மில்லிகிராம். அந்த கணக்குல போனா எந்த தாய்க்கு போய்ச் சேரும்?

டிபாவ்ல கலபார் பீன்ஸை பிழிஞ்சப்ப எண்ணெயை கழுவி ஓரமா வெச்சிருந்தாரு, கொஞ்ச நாள்ல அதுல வெள்ளையா படிகம் கட்டியிருந்துச்சு. என்னன்னு பாத்தா ஸ்டிக்மாஸ்டெரால். அதோட வால் பகுதியில ஒரு இரட்டைப் பிணைப்பு உண்டு, ஓசோன் வாயுவை விட்டா அந்த இடத்துல கத்தி வெச்ச மாதிரி அறுபடும், வாலை வெட்டிட்டா ப்ரொஜெஸ்டிரோனுக்கு பாதி வழி வந்தாச்சு. சோயா எண்ணெய்லயும் இது இருக்கு, ஆனா எண்ணெயோட எண்ணெயா கரைஞ்சு கிடக்குது, அதை மலிவா எப்படி பிரிச்சு எடுக்கறது? அங்கதான் முட்டிக்கிட்டு நின்னாரு.

1940-ல ஒரு நாள் ஃபேக்டரியில இருந்து தகவல். 1,00,000 கேலன் சுத்தமான சோயா எண்ணெய் இருக்கற தொட்டியில தண்ணி கசிஞ்சு இறங்கிடுச்சு, எண்ணெய் கெட்டுப்போச்சு, அடியில வெள்ளையா ஏதோ கட்டி நிக்குதுன்னு. மத்தவங்களுக்கு அது நஷ்டக்கணக்கு. ஜூலியன் போய் அந்த வெள்ளைக் கசடை பாக்கறாரு, பழைய கலபார் எண்ணெய் பாத்திரத்துல பாத்த அதே வெள்ளை. தண்ணி பட்டதும் ஸ்டெரால் எண்ணெயை விட்டு தானா பிரிஞ்சு வந்திருக்கு. இத்தனை நாள் தேடின வழி அந்த ஓட்டைத் தொட்டியில கிடைச்சுது. அதை அதிர்ஷ்டம்னு சொல்லி விட்டுடாதீங்க, அந்த வெள்ளையை முன்னாடியே ஒரு தடவை கையில எடுத்து என்னன்னு பாத்து வெச்சிருந்த ஆள் கண்ணுல பட்டதாலதான் அது மருந்தாச்சு.

அதே வருஷம் முதல் சரக்கா ஒரு பவுண்டு ப்ரொஜெஸ்டிரோன் அப்ஜான் மருந்து கம்பெனிக்கு போச்சு, துப்பாக்கி ஏந்தின காவலோட. மதிப்பு 63,500 டாலர்.

அவர் குழு சோயாவுல இருந்து பிரிச்ச புரதத்தை வெச்சு வேற ஒரு கம்பெனி செஞ்ச இன்னொரு விஷயமும் உண்டு, தீயணைக்கற நுரை. ரெண்டாம் உலகப்போர்ல கப்பல்ல பெட்ரோல் தீ பத்திக்கிட்டா இதைத்தான் பீச்சி அடிச்சாங்க, கப்பல்காரங்க அதுக்கு வெச்ச செல்லப் பேரு பீன்ஸ் சூப்.

கார்டிசோனை கண்டுபிடிச்சதே ஜூலியன்தான்னு ஒரு இடத்துல படிச்சேன். சரியா?

சரியில்லைங்க. அவர் மேல இருக்கற மரியாதையில அப்படி எழுதிடறாங்க, ஆனா அவருக்கு அந்த மாதிரி இரவல் பெருமை எதுவும் தேவையில்லை. 1948-ல மேயோ கிளினிக்ல ஹென்ச், கெண்டல் குழு, படுத்த படுக்கையா கிடந்த ஒரு மூட்டுவாத நோயாளிக்கு கார்டிசோன் ஊசி போட்டு நடக்க வெச்சாங்க, 1950-ல நோபல் அவங்களுக்கும் சுவிட்சர்லாந்து ரைக்ஸ்டைனுக்கும். பிரச்சினை என்னன்னா அந்த மருந்தை மாட்டுப் பித்தநீர்ல இருந்து 30-க்கு மேற்பட்ட படிகள் தாண்டி செய்யணும், விலை யானை விலை. ஜூலியன் 1949-ல செடி ஸ்டெரால்ல இருந்து கிடைக்கற பொருளை வெச்சு, காம்பவுண்ட் எஸ்னு ஒண்ணை சுலபமா செய்யற வழி கண்டுபிடிச்சாரு. அதுக்கும் கார்டிசோனோட நெருங்கின சொந்தமான ஹைட்ரோகார்டிசோனுக்கும் ஒரே ஒரு ஆக்சிஜன் அணு வித்தியாசம், 11-வது கார்பன்ல உக்கார வேண்டியது. அந்த ஒத்தை ஆக்சிஜனை உக்கார வைக்கற வேலையை பூஞ்சை செய்யும்னு 1952-ல அப்ஜான் ஆளுங்க காட்டினாங்க. மெக்சிகோ காட்டுக் கிழங்கை வெச்சு ரஸ்ஸல் மார்க்கர் போட்ட இன்னொரு வழியும் இருந்துச்சு. இப்படி பல கை சேந்துதான் அந்த மருந்து சாதாரண ஜனங்க கைக்கு வந்துச்சு, அதுல ஜூலியன் கை ரொம்ப முக்கியமானது.

அவ்வளவு பெரிய ஆள் ஆன பிறகும் வீட்டுக்கு குண்டு வெச்சாங்களாமே, உண்மையா?
*— ஒரு வாசகர்*

உண்மை. 1950-ல சிகாகோ பக்கத்துல ஓக் பார்க்ங்கற ஊர்ல வீடு வாங்கினாரு. அதுவரைக்கும் அங்க கறுப்பினக் குடும்பம் குடியிருந்ததே அபூர்வம். சிகாகோவோட சிறந்த குடிமகன்னு ஒரு பத்திரிகை அவரை அப்பதான் தேர்ந்தெடுத்திருந்துச்சு. குடி போறதுக்கு முன்னாடியே தண்ணி இணைப்பு குடுக்க இழுத்தடிச்சாங்க, வழக்கு போடுவோம்னு சொன்ன பிறகுதான் குடுத்தாங்க. அந்த வருஷம் நவம்பர்ல, நன்றி சொல்லும் பண்டிகை நாள் அன்னிக்கு, காலி வீட்டுக்குள்ள பெட்ரோல் ஊத்தி கொளுத்தப் பாத்தாங்க. வீடு தப்பிச்சுது, குடும்பம் பின்வாங்காம குடி வந்துச்சு. 1951 ஜூன் 12-ம் தேதி ராத்திரி ஓடற கார்ல இருந்து டைனமைட் வீசினாங்க, பிள்ளைங்க தூங்கற அறை ஜன்னல் கிட்ட வெடிச்சுது. நல்லவேளை யாருக்கும் காயம் இல்லை.

அதுக்கப்புறம் அப்பாவும் பையனும் ராத்திரியில வீட்டு முன்னாடி இருக்கற மரத்துல ஏறி உக்காந்து காவல் காத்திருக்காங்க, அப்பா மடியில துப்பாக்கி. அந்தப் பையன் வளர்ந்து பெரியவனான பிறகு சொன்னது, எப்பவும் லேப்லயே கிடக்கற அப்பாவோட உக்காந்து நிறைய பேச முடிஞ்சது அந்த மரத்துலதான்னு. பத்து வயசுப் பிள்ளைக்கு அப்பா கிடைச்ச இடம் அது, நெனச்சுப் பாருங்க. அந்தப் பையன் பின்னாடி சிவில் உரிமை வழக்கறிஞர் ஆனாரு, விஸ்கான்சின் மாகாணத்துலயே, அப்பாவை ஒரு ராத்திரி தங்க விடாத ஊர் இருக்கற அதே மாகாணம்.

குண்டு விழுந்த அடுத்த மாசமே, சிகாகோவுல ஒரு கிளப்ல விஞ்ஞானிகள் கூட்டம், அவருக்கும் அழைப்பு. கிளப்காரங்க அவர் உள்ள வரக்கூடாதுன்னுட்டாங்க. ஓக் பார்க்ல அவருக்கு ஆதரவா நின்ன வெள்ளைக்கார அக்கம்பக்கத்தவங்களும் இருந்தாங்க, அதையும் சொல்லணும். ஜூலியன் கடைசி வரைக்கும் அந்த வீட்டை விட்டு போகலை. 1985-ல அந்த ஊர்ல ஒரு பள்ளிக்கு அவர் பேரை வெச்சாங்க.

நோபல் கிடைச்சுதா? வேற என்ன மரியாதை கிடைச்சுது?

நோபல் இல்லை. 1973-ல அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்துல உறுப்பினர் ஆனாரு, அந்தக் கழகத்துல சேந்த ரெண்டாவது கறுப்பினத்தவர், முதல்ல வந்தவர் கணித மேதை டேவிட் பிளாக்வெல், 1965-ல. பெரிய வேலை எல்லாம் நடந்து முடிஞ்சு இருபது வருஷத்துக்கு மேல ஆன பிறகு வந்த மரியாதை. 1975 ஏப்ரல் 19-ல இறந்தாரு. 1993-ல தபால்தலை போட்டாங்க. நடுவுல 1953-ல க்ளிடனை விட்டு வெளிய வந்து சொந்த லேப் ஆரம்பிச்சு, வேற எங்கயும் வேலை கிடைக்காத கறுப்பின கெமிஸ்ட்டுகளுக்கு அங்க இடம் குடுத்தாரு. 1961-ல அந்தக் கம்பெனியை 23 லட்சம் டாலருக்கு வித்தாரு.

மனைவி பத்தியும் ஒரு வார்த்தை. அவங்க பேரு அன்னா ஜான்சன் ஜூலியன், சமூகவியல்ல டாக்டர் பட்டம் வாங்கின முதல் கறுப்பின அமெரிக்கப் பெண், 1937-ல பென்சில்வேனியா பல்கலைக்கழகத்துல.

ரத்த வங்கிக்கு வழி காட்டின சார்லஸ் ட்ரூ, கறுப்பினத்தவர்னு ஆஸ்பத்திரியில சேக்காம விட்டதால ரத்தம் இல்லாம இறந்தார்னு சொல்றாங்களே?

இது ரொம்ப பரவின கதை, ஆனா நடக்கலை. 1950 ஏப்ரல் 1-ம் தேதி வட கரோலினாவுல கார் விபத்து, பக்கத்து ஆஸ்பத்திரியில வெள்ளைக்கார டாக்டர்கள் அவரைக் காப்பாத்த முடிஞ்சதை எல்லாம் செஞ்சாங்க, கூட கார்ல வந்த டாக்டர்களே அதை சொல்லியிருக்காங்க. காயம் அப்படி. உண்மையில நடந்த அநியாயம் வேற. போர்க்காலத்துல ரத்தத்தோட நீர்ப்பகுதியான பிளாஸ்மாவை சேகரிக்கற முறையை அமைச்சுக் குடுத்தவர் அவர், ஆனா அமெரிக்க செஞ்சிலுவைச் சங்கம் முதல்ல கறுப்பினத்தவங்க ரத்தமே வேண்டாம்னுச்சு, 1942-ல வாங்க ஆரம்பிச்சப்பவும் தனிப் பாட்டில்ல தனியா பிரிச்சு வெச்சுது. ரத்தத்துல நிறம் பிரிக்க அறிவியல் ஆதாரம் எதுவும் இல்லைன்னு ட்ரூ வெளிப்படையா சொன்னாரு. அந்தப் பிரிவினை 1950-லதான் நின்னுது, அவர் இறந்த வருஷம்.

பேரே வெளிய வராம போனவங்க யாராவது இருக்காங்களா?
*— பள்ளி மாணவி*

இருக்காங்கடா கண்ணு. ஆலிஸ் பால்னு ஒரு பொண்ணு, ஹவாயில கெமிஸ்ட்ரி படிச்சவங்க. நம்ம ஆளுங்க நீரடிமுத்துன்னு சொல்ற வகை விதையோட எண்ணெய் குஷ்டத்துக்கு மருந்து, ஆனா கெட்டியா இருக்கும், ஊசியில போட்டா தோலுக்கு அடியில கட்டிக்கும், வலி தாங்காது. அதை உடம்புல கரையற மாதிரி மாத்திக் காட்டினது இவங்க. 1916-ல இறந்துட்டாங்க, வயசு 24. அந்த யுனிவர்சிட்டி தலைவர் வேலையைத் தொடர்ந்து, அவங்க பேரை சொல்லாம தன் பேர்ல வெளியிட்டாரு. 1922-ல ஒரு டாக்டர் இது ஆலிஸ் பால் முறைன்னு எழுதினாரு, அதையும் யாரும் கண்டுக்கலை, யுனிவர்சிட்டி அவங்களுக்கு நினைவுப் பலகை வெச்சது 2000-ல.

இன்னொருத்தர் விவியன் தாமஸ், தச்சு வேலை தெரிஞ்சவர், டாக்டருக்கு படிக்க சேத்த காசு பேங்க் மூழ்கினப்ப போச்சு. சர்ஜன் பிளேலாக் லேப்ல உதவியாளா சேந்தாரு, செய்யறது ஆராய்ச்சி, சம்பளக் கணக்குல துப்புரவுப் பணியாளர். உடம்பு நீலமா மாறற இதய நோயோட பொறக்கற குழந்தைங்களுக்கான ஆபரேஷனை நாய்கள் மேல செஞ்சு செஞ்சு பக்குவப்படுத்தினது இவர். 1944 நவம்பர் 29-ம் தேதி ஜான்ஸ் ஹாப்கின்ஸ்ல முதல் குழந்தைக்கு ஆபரேஷன் நடந்தப்ப, பிளேலாக் முதுகுக்குப் பின்னாடி ஒரு ஸ்டூல் போட்டு ஏறி நின்னு, தையல் இந்தப் பக்கம், அந்தப் பக்கம்னு சொல்லிக்கிட்டே இருந்தது தாமஸ். கௌரவ டாக்டர் பட்டம் வந்தது 1976-ல, 32 வருஷம் கழிச்சு.

தோல் அரிப்புக்கு தடவற ஹைட்ரோகார்டிசோன் கிரீம் இன்னமும் ஜூலியன் வழியிலதான் செய்யறாங்களா?
*— மருந்துக்கடை நடத்தும் வாசகர்*

படிகள் மாறிடுச்சுங்க. ஓசோன் விட்டு வாலை வெட்டற வேலையை இப்ப பெரும்பாலும் பாக்டீரியாகிட்ட குடுத்துட்டாங்க, மைக்கோபாக்டீரியா இனத்துல ஒரு வகை, ஸ்டெராலைப் போட்டா வாலை மட்டும் தின்னுட்டு நாலு வளையத்தை அப்படியே விட்டு வைக்கும். 11-வது கார்பன்ல ஆக்சிஜன் ஏத்தறதுக்கு இன்னிக்கும் பூஞ்சைதான். தொடங்கற பொருள் மட்டும் பல ஃபேக்டரிகள்ல மாறலை, சமையலுக்கு சோயா எண்ணெய் சுத்தம் பண்றப்ப கழிவா ஒதுங்கற அதே வெள்ளை ஸ்டெரால்.